பதுருன்னிசாவின் பின்வாசல்

சிங்கப்பூர் டன்லப் தெருவுக்குப் பின்னால் ஓடும் சந்து ஒன்றை யாராவது மெச்சிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எவ்வளவு சுத்தம், எவ்வளவு காற்று, அந்த நாளிலேயே எத்தனை முன்யோசனையோடு செய்திருக்கிறார்கள் என்பார்கள். செய்தார்கள்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. சந்து வந்த பிறகு அந்த வரிசை வீடுகளில் இருமிச் செத்தவர்கள் குறைந்தார்கள். ஆனால் அந்தச் சந்து வந்தே ஆகவேண்டும் என்று அங்கே குடியிருந்தவர்களில் எல்லாரையும்விட ஆசைப்பட்டவள் ஒருத்தி. அதனால் எல்லாரையும்விட நஷ்டப்பட்டவளும் அவள்தான். அவளைப் பற்றிப் பேச ஆளில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

நான் உர்சுலா, தையல்காரி. ஓப்பிர் ரோட்டு லூர்து மாதா கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். முஸ்லிம் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை அளவெடுக்க ஆண் தையல்காரன் உள்ளே போகமுடியாது. அதனால் சிராங்கூன் ரோட்டைச் சுற்றி என் கூடை போகாத அடுப்படி கிடையாது. நான் தெருவில் நடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கருத்து, மெலிந்து, கையில் கூடையும் கழுத்தில் ஜெபமாலையுமாகப் போகிறவளை எவன் பார்க்கப்போகிறான்? அது எவ்வளவு பெரிய சொத்து என்று பதுருன்னிசாவோடு பழகிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பதுருன்னிசா காயல்பட்டினத்துக்காரி. அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், பெண் எங்கேயும் போகமாட்டாள். அக்கா ஒரு வீட்டில், தங்கை பக்கத்து வீட்டில் என்று கடைசிவரை இருப்பார்கள். அவளும் தங்கை ருக்கையாவும் அப்படி இருந்திருக்க வேண்டியவர்கள். சிங்கப்பூர் வியாபாரம் வந்து கெடுத்தது. பதுருன்னிசாவின் கணவர் ஜலாலுதீனும் ருக்கையாவின் கணவர் அஹமது கபீரும் மார்க்கெட் தெருவில் கூட்டாக மசாலாக் கடை வைத்திருந்தார்கள். வியாபாரம் நிலைத்ததும் இருவரும் மனைவிமாரைக் கப்பலேற்றி வரவழைத்துக்கொண்டார்கள். டன்லப் தெருப் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டோ ஒன்பதோ.

பதுருன்னிசாவின் வீட்டு முகப்பு டன்லப் தெருவைப் பார்த்தது. ருக்கையாவின் வீட்டு முகப்பு அடுத்த தெருவைப் பார்த்தது. பின்புறம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தக் காலத்துக் கடைவீடுகளை அப்படித்தான் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினார்கள். அக்காள் அடுப்படிக்கும் தங்கை அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிப் போனால், போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். நான் தினமும் போனேன். அவர்கள் போவதென்றால் திரை கட்டிய ரிக்‌ஷா வேண்டும், உடம்பு முழுக்க வெள்ளைத் துப்பட்டி வேண்டும், கூடவே வீட்டு ஆண் ஒருவர் வேண்டும். ஆண் கடையில் இருப்பார். ஆகவே பெருநாளுக்கு ஒரு தடவை, ஏதாவது விருந்து என்றால் ஒரு தடவை, அவ்வளவுதான் அக்காளும் தங்கையும் முகம் பார்த்தது.

மற்ற நாளுக்கு அவர்களுக்கு ஒரு செங்கல் இருந்தது. அடுப்பு மேடைக்கு மேலே சுண்ணாம்பு உதிர்ந்துபோயிருந்த இடத்தை ருக்கையா கத்தி நுனியால் சுரண்டிச் சுரண்டி ஒரு செங்கலைத் தனியாகக் கழற்றிவிட்டாள். கணவன்மார் கடைக்குப் போனதும் கல் வெளியே வரும், அவர்கள் திரும்புகிற நேரம் கல் உள்ளே போகும். அந்த ஓட்டை வழியாக வெற்றிலை போகும், ஊசி நூல் போகும், சுடச்சுட இறால் வாடாப் பலகாரம் போகும். முழங்கை வரைக்கும் கை போகும். பதுருன்னிசா மசாலா அரைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள், சுவருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். முதல் தடவை அதைக் கேட்டபோது சுவரில்தான் ஏதோ இருக்கிறது என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் என்னைக் கேலி செய்தார்கள்.

பிறகு ருக்கையா இரும ஆரம்பித்தாள்.

ஊர் அப்போது பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். முன்பக்கம் கடை, நடுவில் பலகை வைத்துத் தடுத்த இருட்டறைகள், கடைசியில் அடுப்படி, அதற்கும் பின்னால் சுவர். காற்று நுழைய முன்வாசலைத் தவிர வேறு வழியில்லை. கக்கூஸ் வாளி எடுக்கிறவருக்கும் அதே வழிதான். சோறு தின்கிற கூடத்தின் வழியாக வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். பரிசோதிக்க வந்த டாக்டர்கள், இந்த வீடுகளுக்கு மூக்கே கிடையாது, உள்ளே இருக்கிறவர்கள் நெஞ்சு நோய் வந்துதான் சாவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒட்டியிருக்கும் முதுகுகளை வெட்டி நடுவில் ஒரு சந்து விட்டால் காற்று உள்ளே வரும், வாளி பின்பக்கமாக வெளியே போகும் என்று நகரசபையில் முடிவானது. நல்ல முடிவுதான், குறை சொல்ல முடியாது.

அதை எடுத்துச் சொல்ல சுவிசேஷமுத்து என்கிற ஓவர்சியர் வீடு வீடாக வந்தார். புரொட்டஸ்டண்டுக்காரர், பொறுமைசாலி. முன்கூடத்தில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்து, சந்தேகம் எதுவானாலும் கேளுங்கள் என்றார். ஆண்கள் நஷ்டஈட்டைக் கேட்டார்கள், சாக்கடையைக் கேட்டார்கள், சுவரை யார் கட்டித்தருவது என்று கேட்டார்கள். வெட்டப்போவது அடுப்படியை. அடுப்படியில் இருக்கிறவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் பதுருன்னிசாவோடு உட்கார்ந்திருந்தேன். சுவர் போகும், இரண்டு வீட்டுக்கும் எதிரெதிரே பின்வாசல் வரும் என்ற இடத்தில் அவள் என் கையைப் பிடித்து இறுக்கினாள். வளையல் சத்தம் வெளியே கேட்கக்கூடாதே என்று நான் பயந்தேன்.

ஓவர்சியர் போனதும் ஆண்கள் கூடிப் பேசி, முடியாது என்று மனுக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். அடுப்படியில் பாதி போய்விடும், எதற்கு இந்த வம்பு என்பது அவர்கள் கட்சி. பதுருன்னிசா அதுவரை கணவரிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். இப்போது வேலையில் இறங்கினாள். அவள் சொல்லை என் கூடையில் வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். சம்சுன்னிசாவிடம் பிள்ளையின் இளைப்புக்கு நல்லது என்றேன். நூருன்னிசாவிடம் வாளி இனிமேல் கூடத்து வழியாகப் போகாது என்றேன். அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வார்த்தை, பாய் விரிக்கும்போது ஒரு வார்த்தை என்று கணவன்மார் காதில் போட்டுவைத்தார்கள். மனு எழுதப்படவே இல்லை. உங்கள் வரிசையில் ஆண்கள் பரந்த மனசுக்காரர்கள், தொந்தரவே தரவில்லை என்று சுவிசேஷமுத்து என்னிடம் பாராட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுவரை இடித்தார்கள். இரண்டு அடுப்படியும் பின்வாங்கின. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு வெட்டவெளி. புதுச் சுவர், புதுக் கதவு, மேலே கம்பி போட்ட ஜன்னல். ஆட்கள் தரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த வாரத்தில் பதுருன்னிசா எனக்கு ஆள் அனுப்பினாள். மெல்லிய மல் துணி எடுத்து வைத்திருந்தாள். தலையில் சும்மா போட்டுக்கொள்ள ஒரு சின்னத் துண்டு ஓரம் அடித்துத் தா என்றாள். சந்துக்குப் போகப் பெரிய துப்பட்டி எதற்கு? மத்தியானம் வேலை முடிந்ததும் எல்லாப் பெண்களும் படியில் உட்காரலாம், அரிசி புடைக்கலாம், ருக்கையாவை வெயிலில் பாய் போட்டுப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆண்கள் வந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன்.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "வீட்டுக்குப் பின்னாடி ஆம்பளைங்க எதுக்கு வரப்போறாங்க?"

அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே முடுக்கு என்று சந்துகள் உண்டாம். அவை பெண்கள் புழங்குகிற வழி, ஆண்கள் தெருவோடு போய்விடுவார்கள். பலகை எழுதி மாட்டியிருக்காது, காவல் இருக்காது, ஆனாலும் ஆண் கால் அதில் படாது. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் தெருவை மிதிக்காமலே ஒரு பெண் போய்வரலாம். பின்னால் ஓடுகிற வழி பெண்களுடையது என்பதை அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று நாம் விசாரிக்கிறோமா? அந்த வரிசையில் குடியிருந்த மற்ற காயல் பெண்களும் அப்படியேதான் நினைத்திருந்தார்கள். இது அந்த மாதிரி சந்து இல்லை என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்த மல் துணியை ஓரம் அடித்துக் கொடுத்தேன்.

சந்து திறந்த அன்றே ஊர் உள்ளே வந்துவிட்டது. வாளிக்காரர்கள் வாளிகளைக் காவடிக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலை கிடைக்காத கூலிகள் நிழலுக்கு வந்து சட்டையில்லாமல் படுத்தார்கள். மீ என்கிற சேமியா விற்கிற சீனர் மூங்கிலைத் தட்டிக்கொண்டு வந்து அடுப்பை இறக்கினார். ரிக்‌ஷாக்காரர்கள் சீட்டாட உட்கார்ந்தார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு? படுக்க இடமில்லாதவனுக்கு நிழல் கிடைத்தால் படுப்பான். ஜலாலுதீன் கம்பி ஜன்னல் வழியாக ஒரு நாள் பார்த்தார், மறுநாள் பின்கதவில் பூட்டு மாட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அஹமது கபீரும் அப்படியே செய்தார். பதுருன்னிசா கேட்டதற்கு ஜலாலுதீன் ஒரே வரியில் பதில் சொன்னாராம்.

"இது நம்மூரு முடுக்கு இல்ல. இது ரோடு."

அவர் கொடுமைக்காரர் இல்லை. கை நீட்டியதில்லை, வயிறு காயவிட்டதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். ஊரில் பெண்ணுக்கு இருந்த வீட்டை இங்கே வந்து தன் பேரில் வாங்கிக்கொண்டார். ஊரில் பெண்ணுக்கு இருந்த வழியை மட்டும் இங்கே கேட்டு வாங்க அவருக்குத் தோன்றவில்லை. பெண்ணுக்குச் சொன்ன அடக்கத்தை மாத்திரம் மறக்காமல் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

இப்போது கணக்குப் பார்த்தால் பதுருன்னிசாவிடம் அந்தச் செங்கல் ஓட்டைகூட இல்லை. இரண்டு ஜன்னலும் ஆள் உயரத்துக்கு மேலே. கத்திக் கூப்பிட்டால் சந்தில் இருக்கிற அத்தனை ஆண்களுக்கும் குரல் கேட்கும், ஆகவே கூப்பிடவும் கூடாது. அவள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம், லுஹர் தொழுகைக்குப் பிறகு, பெண்களுக்கு ஆண்கள் சந்தை விட்டுக்கொடுத்தால் போதும், மற்ற நேரமெல்லாம் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். நகரசபையில் கேட்டுவா என்று என்னை அனுப்பினாள்.

சுவிசேஷமுத்து என்னை உட்காரவைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுச் சங்கடப்பட்டார்.

"அப்படி ஒரு விதி கிடையாதும்மா. சந்து எல்லாருக்கும் பொது."

"எல்லாரும்னா யாரு?" என்றேன்.

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாமே, வீடு வீடாக வந்து கேட்டேனே, ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்றார். யாரைக் கேட்டீர்கள் என்றேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். என்னைத் தெருமுனை வரைக்கும் வந்து மரியாதையாக வழியனுப்பினார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மழைக்காலம் வந்தது. ருக்கையா படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளைப் புது ஜன்னலுக்குக் கீழே கட்டிலில் போட்டிருந்தார்கள். வெளிச்சத்தில் அவள் கன்னத்து எலும்புகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. சந்து இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். நான் தலையணை உறையைத் தைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து நல்லா வருது உர்சுலா. லாத்தா குரல்தான் வரல."

லாத்தா என்றால் அவர்களுக்கு அக்கா. நான் தையலைப் போட்டுவிட்டு டிராம் பிடித்து மார்க்கெட் தெருவுக்குப் போனேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே ஜலாலுதீனிடம், முதலாளி, சாவியை என்னிடம் கொடுங்கள், நான் பதுருவைத் துப்பட்டி போட்டுக் கையைப் பிடித்துச் சந்தைக் கடத்திக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கப்பல் சரக்கு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் தானே ரிக்‌ஷா வைத்து முறையாக அழைத்துப் போவதாகச் சொன்னார். கல்லாவுக்குப் பக்கத்தில் அஹமது கபீர் தலை குனிந்து நின்றார். நான் ஆன மட்டும் சொல்லிப்பார்த்தேன். சாவி இடுப்பிலேயே இருந்தது.

ருக்கையா வியாழக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தாள்.

கடையைப் பாதியில் மூடினார்கள். ரிக்‌ஷா உடனே வந்தது, திரை உடனே கட்டப்பட்டது. மய்யித்தைக் குளிப்பாட்டப் பெண்கள் வேண்டுமல்லவா, அதற்கு யாரும் தடை சொல்லமுடியாது. பதுருன்னிசா தெருவைச் சுற்றித் தங்கை வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொண்டுவருவதற்காக அஹமது கபீரின் வீட்டுப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவள் தன் கையாலேயே தங்கையைக் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, சந்தூக்குப் பெட்டியில் ஏற்றும்வரை கூட இருந்தாள். ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் உள்ளே யாசீன் ஓத உட்கார்ந்தார்கள்.

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். பதுருன்னிசா எழுந்து வந்தாள், என்னைப் பார்த்தாள், திறந்திருந்த பின்கதவைத் தாண்டிப் படியிறங்கிச் சந்துக்குள் போனாள். தலையில் நான் ஓரம் அடித்துக் கொடுத்த அந்த மல் துண்டுதான் இருந்தது. நேராக நடந்து எதிரே இருந்த தன் வீட்டுப் பின்கதவைத் தள்ளினாள். பூட்டியிருந்தது. சாவி ஜலாலுதீனின் இடுப்போடு, அடக்கம் செய்யக் கபருஸ்தானுக்குப் போயிருந்தது. அவள் திரும்பி வரவில்லை. சந்தின் நடுவில், பழைய சுவர் நின்ற இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். ஊர் கேட்க, வாய்விட்டு, தங்கை பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

சந்து நிறைய ஆண்கள். நான் ஓடிப்போய் அவளை மறைத்து நின்றேன். எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள், ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்தார்கள். படுத்திருந்த கூலிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். மீக்காரர் மூங்கில் தட்டுவதை நிறுத்தி அடுப்பைத் தூக்கினார். எதிரே வந்த வாளிக்காரர் அங்கேயே திரும்பி, சந்து முனையில் காவடியை இறக்கிவைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். உள்ளே வரப் பார்த்த வேறு இரண்டு பேரையும் அவர் கையைக் காட்டித் தடுத்தார். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தமிழ் தெரியாதவர்கள் பாதிப் பேர். அந்தச் சந்து காலியாகிவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? இவர்களிடம் கேட்டிருந்தால் தினமும் ஒரு மத்தியானத்தை விட்டுக்கொடுத்திருப்பார்களே. கணவரைக் கேட்டோம், ஓவர்சியரைக் கேட்டோம், விதியைக் கேட்டோம். சந்தில் படுத்திருந்தவனைக் கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. படித்தவர்களுக்கும் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டு ஆண்கள் திரும்பி வந்தபோது அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஜலாலுதீன் கதவைத் திறந்து அவளை உள்ளே அழைத்துப் போனார். தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று பிறகு யாரிடமோ வருத்தப்பட்டாராம். அடுத்த வாரமே கொத்தனார் வந்தார், பின்கதவைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்க.

அன்று நான் ரவிக்கை கொடுக்கப் போயிருந்தேன். பதுருன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டு, ஒரே ஒரு செங்கலை மட்டும் வைக்காமல் விடச் சொல் என்றாள். நான் போய் ஜலாலுதீனிடம் சொன்னேன்.

"எதுக்கு?" என்று அவர் கேட்டார். "அந்தப் பக்கம்தான் யாரும் இல்லையே."

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். கொத்தனார் அந்த இடத்திலும் செங்கல் வைத்துப் பூசினார். பக்கத்தில், சுவரின் அடியில், கக்கூஸ் வாளியை இழுத்தெடுக்க ஒரு சின்னக் கதவு இருந்தது. அதை மட்டும் அடைக்கக்கூடாது என்பது நகரசபை விதி. சுவிசேஷமுத்து நாடாவோடு வந்து அதன் அகலத்தை அளந்தார், உயரத்தை அளந்தார், கீல் சத்தமில்லாமல் திறக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பதுருன்னிசா அந்த வீட்டில் வெகுகாலம் இருந்தாள். நான் ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மசாலா அரைக்கும்போது அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் சாகிற வரைக்கும் அந்த வீட்டிலிருந்து சந்துக்குப் போய்வந்தது அந்த வாளி ஒன்றுதான்.